கோடையில் குழந்தைகளும் வீட்டுப் பெரியவர்களும்

(நாக்பூர் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோடை ஆரம்பிக்கும் முன் குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று நம் காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு 36 வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். ஜோத்பூர், அகமதாபாத், நாக்பூர் என்று மாற்றலாகிப் போன ஊர்களெல்லாம் வெயிலுக்குப் பேர்போன ஊர்களாகவே அமைந்துவிட்டன. அந்த அனுபவத்தையும், படித்த பௌதிகத்தில் மறக்காமல் மிச்சம் இருப்பதையும் வைத்துக்கொண்டு பேசுகிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் குடும்ப டாக்டர் சொல்வதே முடிவு.

முதலில், இந்தப் பேச்சை யாருக்காகப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இளம் பெற்றோர்களுக்காக இல்லை. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா, பாட்டிகளுக்காகத்தான். பரீட்சை முடிந்ததும் பள்ளிக்கூடம் மூடிவிடுகிறது. நம் விதர்பாவில் ஜூன் பின்பாதியில்தான் திறக்கிறார்கள். பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் காலை ஒன்பதுக்கு ஆபீஸ் போனால் இரவு ஏழுக்கு வருகிறார்கள். நடுவில் உள்ள பத்து மணி நேரம், அதாவது நாளிலேயே கொடுமையான நேரம் முழுவதும், குழந்தை நம் பொறுப்பில்தான் இருக்கிறது. டில்லி, ஹைதராபாத், அகமதாபாத் எங்கும் இதே கதைதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வயதாக ஆகத் தாகம் தெரிவது குறைகிறது. எழுபது வயது உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் நாக்கு வறண்டதாகச் சட்டென்று தோன்றாது. வியர்ப்பதும் குறைவு. கொஞ்சம் காற்று பட்டால் குளிர்கிறது. ஏ.சி. முழங்காலுக்கு ஆகாது என்று அணைத்துவிட்டு, ஃபேனையும் ஒன்றில் வைக்கும் தாத்தாக்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கையைத் தூக்கச் சொல்லப்போவதில்லை. நம் உடம்பையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, உனக்கு மட்டும் என்னடா வெக்கை?" என்று பேரனைக் கேட்கிறோம். அந்த அளவுகோல் குழந்தைக்குப் பொருந்தாது. குழந்தையும் விளையாட்டு மும்முரத்தில் தாகத்தைச் சொல்லாது. தாகம் தெரியாத கிழவரும் தாகத்தைச் சொல்லாத குழந்தையும் ஒரே வீட்டில் மே மாத மத்தியானத்தைக் கழிக்கிறார்கள். ஆகையால் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் கொடுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை, விளையாடும்போது இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை. அப்போது நாமும் ஒரு டம்ளர் குடித்துவிடலாம். தண்ணீரை அளந்து குடிக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கும் இருதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் அவர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

குழந்தை உடம்பு ஏன் சீக்கிரம் சூடாகிறது? இங்கே கொஞ்சம் பௌதிகம். 70 கிலோ மனிதனுக்குத் தோலின் பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர். 20 கிலோ குழந்தைக்குச் சுமார் 0.8. கிலோவுக்கு எவ்வளவு தோல் என்று வகுத்துப் பார்த்தால் குழந்தைக்கு ஒன்றரை மடங்கு வருகிறது. தோலின் உஷ்ணம் சுமார் 35 டிகிரி. வெளிக்காற்று அதற்குக் கீழே இருக்கும்வரை, தோல் உடம்பின் சூட்டை வெளியே விடும் வாசல். காற்று 43 டிகிரிக்குப் போய்விட்டால் அதே வாசல் வழியாகச் சூடு உள்ளே வர ஆரம்பிக்கிறது. குழந்தைக்கு வாசல் பெரிது, அவ்வளவுதான்.

அப்போது மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. 100 கிராம், அதாவது அரை டம்ளர், ஆவியானால் 58,000 கலோரி. 20 கிலோ உடம்பு ஒரு டிகிரி சூடாவதற்கு வேண்டியது சுமார் 16,600 கலோரி. வகுத்துப் பாருங்கள், மூன்றரை டிகிரி வருகிறது. அரை டம்ளர் வியர்வை மூன்றரை டிகிரி ஜுரத்தைத் தடுக்கிறது என்றால், அந்த அரை டம்ளர் தண்ணீருக்கு எவ்வளவு மதிப்பு! ஆனால் வியர்வை ஆவியானால்தான் இந்தக் கணக்கு. சொட்டிக் கீழே விழுந்தால் பூஜ்யம். காற்றில் ஈரம் அதிகமான சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற ஊர்களில் பெரும்பாலும் சொட்டத்தான் செய்கிறது. அதனால்தான் வானிலை இலாகா அனல்காற்று என்று அறிவிக்கச் சமவெளிக்கு 40 டிகிரியையும் கடற்கரைக்கு 37 டிகிரியையும் ஆரம்ப அளவாக வைத்திருக்கிறது. நாக்பூர்க் குழந்தையைச் சென்னைக்கு அழைத்துப் போய், "எங்கள் ஊர் 45-க்கு இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று மெரினாவில் மூன்று மணிக்கு ஓடவிடாதீர்கள். அதேபோல் பெங்களூரில் வளர்ந்த பேரன் இங்கே வந்தால் உடம்பு பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வந்த மறுநாளே கிரிக்கெட் மட்டையைக் கொடுக்க வேண்டாம்.

தினசரியில் வரும் டிகிரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து அளந்தது. வெயிலில் நிற்கும் குழந்தைக்கு அதைவிட அதிகம். இன்னொரு பக்கம், 2024 மே கடைசியில் நம் நாக்பூரில் 56 டிகிரி என்று ஊரெல்லாம் ஒரு செய்தி பரவியது நினைவிருக்கும். அது பழுதான தானியங்கிக் கருவி காட்டிய எண் என்று வானிலை இலாகா பிறகு விளக்கியது. அதே வாரம் டில்லி முங்கேஷ்பூரில் 52.9 என்று வந்ததும் கருவிக் கோளாறுதான். வாட்ஸ்அப்பில் வரும் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதைவிட, வானிலை இலாகாவின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையைப் பார்ப்பது நல்லது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2010 மே மாதம் அகமதாபாத்தில் 46.8 டிகிரி அடித்தது. அந்த மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள் என்று பின்னால் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். அதன் பிறகுதான் 2013-ல் அந்த நகராட்சி தனக்கென்று ஒரு வெப்பத் தடுப்புத் திட்டம் போட்டது. அந்தக் கோடையில் அங்கே ஒரு பொது மருத்துவமனையில், அப்போதுதான் பிறந்த சிசுக்கள் சூட்டினால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைக்கு வந்தன. காரணம் தேடியபோது, பிரசவ வார்டு மேல்மாடியில், மொட்டைத்தளத்துக்கு நேர் கீழே இருந்தது தெரியவந்தது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். சூட்டினால் வரும் சிசுக்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. மருந்தும் இல்லை, இயந்திரமும் இல்லை, மாடி மாற்றம் ஒன்றுதான்.

இதை நான் பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுவதும் கீழே கக்குகிறது. மேல்மாடி அறை தனியாக, சத்தமில்லாமல் இருக்கிறது என்று பிள்ளைபெற்ற பெண்ணையும் சிசுவையும் அங்கே படுக்கவைக்காதீர்கள். கீழே கூடத்தில் படுக்கட்டும். தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் நல்ல பலன் உண்டு. பச்சைக்குழந்தைக்குத் தொப்பி, ஸாக்ஸ், மேலே கம்பளி என்று சுற்றிவைக்கும் பழக்கத்தையும் மே மாதத்தில் கொஞ்சம் தளர்த்தலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பால் அடிக்கடி கொடுக்க வேண்டும், அதற்குத் தாயார் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். பாட்டிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இனி கூலர். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன். நாக்பூரில் கூலர் இல்லாத வீடு கிடையாது. வறண்ட காற்றில் கூலர் ஒரு அற்புதம். வியர்வை செய்யும் அதே வேலையை ஈரமான வைக்கோல் திரை செய்கிறது. ஆனால் ஒரு ஜன்னலோ கதவோ திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டால் ஈரம் அறைக்குள்ளேயே சேர்ந்து, ஒரு மணி நேரத்தில் புழுங்க ஆரம்பிக்கும். முதல் மழைக்குப் பிறகு கூலரால் பிரயோஜனம் இல்லை. அப்போது ஃபேன் போதும். சுத்த அனல் அடிக்கும் நாளில் வெறும் ஃபேன் மட்டும் போட்டால் அது சூடான காற்றையே குழந்தை மேல் வீசுகிறது. உடம்பில் ஈரத்துணி ஒற்றிவிட்டுப் பிறகு ஃபேன் போடுங்கள்.

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. தகரப் பெட்டி, உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் கரண்டில் ஓடும் பம்பு, கீழே ஈரத்தரை, அதில் வெறுங்காலுடன் குழந்தை. இதைவிட அபாயமான ஏற்பாட்டை ஒருவர் யோசித்துச் செய்ய முடியாது. பம்பின் வயர் எங்காவது உரிந்திருந்தால் பெட்டி முழுவதும் கரண்ட். கோடைதோறும் கூலரைத் தொட்டுக் குழந்தைகள் போவது இந்தப் பிராந்தியத்துப் பத்திரிகைகளில் வரத் தவறுவதே இல்லை. பரணிலிருந்து இறக்கியதும் முதல் காரியமாக எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பம்பு வயரையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக் இருந்தால் மட்டும் போதாது, சுவரில் உள்ள எர்த் உண்மையிலேயே வேலை செய்ய வேண்டும். பழைய வீடுகளில் பாதிக்கு மேல் அது பெயருக்குத்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். செலவு சில ஆயிரம். கரண்ட் கசிந்தால் கண்மூடித் திறப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். தண்ணீர் ஊற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். "தாத்தா, நான் ஊற்றுகிறேன்" என்று குழந்தை குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். அந்த ஆசையை மட்டும் நிறைவேற்ற வேண்டாம். வாரம் ஒரு தடவை தண்ணீரை முழுக்க இறைத்துத் தேய்த்துவிட்டால் கொசுவுக்கும் வழியில்லை.

குடிப்பதற்கு என்ன கொடுக்கலாம்? நம் வீட்டு நீர்மோரும் பானகமும் இருக்கின்றன. ஸ்ரீராமநவமி வெயில் ஆரம்பிக்கும் சமயத்தில் வருவதும், அன்றைக்கு இவை இரண்டும் விநியோகம் ஆவதும் நல்ல பொருத்தம். இந்த ஊர்க்காரர்கள் மாங்காயைச் சுட்டுச் செய்யும் கைரி பன்ஹேயும் தேவாமிர்தம். சட்டைப் பையில் வெங்காயம் வைத்துக்கொண்டால் லூ அடிக்காது என்று இங்கே ஒரு நம்பிக்கை. பையில் இருக்கும் வெங்காயம் எந்த உஷ்ணத்தைக் குறைக்கும் என்று எனக்கு எந்தப் பௌதிகப் புத்தகமும் சொல்லவில்லை.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்துவிட்டால் மட்டும் மோர், பானகத்தோடு நிற்காமல் ஓ.ஆர்.எஸ். கரைசலுக்குப் போய்விட வேண்டும். 1971-ல் வங்காளதேச அகதிகள் காலராவில் தவித்தபோது, போங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொடுத்தே ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். 2022-ல் அவர் காலமான பிறகு, 2023-ல் பத்மவிபூஷண் கொடுத்தார்கள். அந்தக் கரைசலின் மகிமை அதன் விகிதாசாரத்தில் இருக்கிறது. லிட்டருக்கு 13.5 கிராம் குளுகோஸ், 2.6 கிராம் உப்பு, அதோடு பொட்டாசியம் குளோரைடு, சிட்ரேட். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கரைத்தால் உப்பு அதிகமாகிக் குழந்தைக்குக் கெடுதல். "கசக்கிறது" என்று சர்க்கரை சேர்த்தால் வயிற்றுப்போக்கு அதிகமாகும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 200 மில்லிக்கு என்று சிறிய பாக்கெட்டும் உண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டுக் கரையுங்கள்.

கடைகளில் அட்டைப்பெட்டியில் ஸ்ட்ராவோடு பழ ருசியில் விற்ற பானங்கள் பலவற்றிலும் வெகுகாலம் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தன. அவற்றில் இருந்தது பெரும்பாலும் சர்க்கரைதான். ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் பல வருஷம் விடாமல் போராடியதன் பேரில், உலக சுகாதார நிறுவனத்தின் விகிதத்தில் இல்லாத பானம் எதுவும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பழைய ஞாபகத்தில் அதே பெட்டியைக் கேட்டு வாங்காமல், மருந்துக்கடையில் பொடி பாக்கெட்டாக வாங்கி நாலைந்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும் ரயில் பயணத்தைச் சொல்லாமல் விட முடியாது. சென்னை வண்டியில் பல்லார்ஷா, வாரங்கல், விஜயவாடா வழியாக மே மாதப் பகலில் ஸ்லீப்பர் வகுப்பில் போவது ஒரு தவம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் பணத்தைப் பார்க்காமல் ஏ.சி.யில் போங்கள், முடியாவிட்டால் பயணத்தையாவது தள்ளிவையுங்கள். ஏ.சி. பெட்டியில் ஏ.சி. நின்றுவிட்டால் ஜன்னலைத் திறக்க வழியில்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு 139-க்குப் போன் செய்யுங்கள், அடுத்த ஸ்டேஷன் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நிறுத்திய கார் இன்னும் மோசம். வெயிலில் நின்ற காரில் பத்தே நிமிஷத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவைப்பதால் ஒன்றும் பெரிதாகக் குறையாது. "தூங்குகிறான், எழுப்ப வேண்டாம், இதோ கறிகாய் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்பது கூடவே கூடாது. கண்ணாமூச்சி விளையாடும் குழந்தைகள் தாங்களே காருக்குள் ஏறி மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. சாவி ஆணியில் எட்டாத உயரத்தில் தொங்கட்டும், கார் எப்போதும் பூட்டியிருக்கட்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சமாசாரம் பாக்கி இருக்கிறது. பள்ளி விடுமுறை என்பதால் உபநயனங்கள் சித்திரை, வைகாசியில் வந்து விழுகின்றன. எட்டு வயது வடு, பட்டு வேஷ்டி, எதிரே ஹோமாக்னி, புகை, தலைக்கு மேல் வீடியோக்காரரின் விளக்கு, சுற்றிலும் முந்நூறு பேர். இரண்டு வருஷம் முன்னால் ஒரு வைபவத்தில் ஒரு பிள்ளை பதினொன்றரை மணிக்கு வாந்தியெடுத்து அப்படியே தகப்பனார் மடியில் சாய்ந்துவிட்டான். பக்கத்து அறைக்குத் தூக்கிப்போய் ஈரத்துண்டால் துடைத்து ஃபேன் போட்டதும் அரை மணியில் எழுந்து உட்கார்ந்தான். முகூர்த்தத்தைக் கூடியமட்டும் விடியற்காலையில் வையுங்கள். பருத்தி வேஷ்டி போதும். அக்னிக்குக் காற்று படாதபடி பையனின் முதுகுப் பக்கம் ஒரு பெடஸ்டல் ஃபேன். நடுவில் தண்ணீரோ பாலோ கொடுக்கலாமா என்று வாத்தியாரை முதல் நாளே கேட்டுவிடுங்கள். நான் பார்த்தவரையில் குழந்தைக்குத் தண்ணீர் கூடாது என்று சொன்ன வாத்தியார் ஒருவரும் இல்லை. சொல்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தைப்பாட்டிகள்தான்.

கோடை முகாம்களையும் கேள்வி கேட்டுச் சேருங்கள். எங்கள் காலனிக்கு அருகில் ஒரு கிரிக்கெட் முகாம் காலை எட்டு முதல் பதினொன்றரை வரை நடந்தது. நாங்கள் மூன்று கிழவர்கள் போய்ப் பேசினோம். ஆறுக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடிக்கவும், நிழலுக்கு ஒரு ஷாமியானா போடவும், அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீருக்கு விசில் ஊதவும் பயிற்சியாளர் ஒப்புக்கொண்டார். கேட்டால் செய்கிறார்கள். பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை வெளியே விளையாட்டே வேண்டாம். கேரம் போர்டு எதற்கு இருக்கிறது?

கடைசியாக, ஆபத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ஓடியாடும் குழந்தை காரணமில்லாமல் ஓரமாக உட்கார்ந்துவிட்டால், தலைவலி, குமட்டல் என்றால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை அல்லது அடர்மஞ்சளாகப் போகிறது என்றால், உடனே நிழலுக்கு அழைத்துவந்து, துணியைத் தளர்த்தி, வாய்வாயாகக் குடிக்கக் கொடுத்து, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அரை மணியில் தெளியாவிட்டால் டாக்டர். பேச்சு குழறினால், ஆள் தெரியாமல் பேசினால், வலிப்பு வந்தால், உடம்பு 40 டிகிரிக்கு மேல், அதாவது 104-க்கு மேல் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. தோல் வறண்டுதான் இருக்கும் என்று எண்ண வேண்டாம், வெயிலில் ஓடி விளையாடிய பிள்ளைக்கு வியர்த்துக்கொண்டேகூட வரும். ஒருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும், மற்றவர் அதே நிமிஷம் குளிர்விக்க ஆரம்பிக்க வேண்டும். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஃபேன் போடுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். ஜுர மாத்திரை இதற்குப் பலன் தராது. நினைவில்லாத குழந்தையின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்து நுழைவாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், மற்றொன்றை மத்தியானம் வீட்டில் வேலைக்கு வரும் அம்மாளுக்கு ஹிந்தியிலோ மராட்டியிலோ படித்துச் சொல்லிக் கொடுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.